பெண்கள் கத்தோலிக்கப் பள்ளியில் நாடக மன்றம், ஆண்டு நாடகம், 12ஆம் வகுப்புப் பிரியாவிடை: எங்கே தொடங்குவது, எது சொதப்பும்?

மன்றப்பொறுப்பு:
எல்லோருக்கும் வணக்கம். சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி. இந்தக் கல்வியாண்டிலிருந்து நாடக மன்றமும் பிரியாவிடை விழாவும் என் பொறுப்பு. 12ஆம் வகுப்பில் 140 பேர். விழாவை நடத்துவது 11ஆம் வகுப்பு. காலையில் திருப்பலி, பிறகு மண்டப நிகழ்ச்சி, அதற்குள் 35 நிமிட நாடகம் ஒன்று. மேடை 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம். காலர் மைக் நான்குதான். மன்றத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் 46 பேர். முந்தைய ஆண்டுகளின் கோப்பு எதுவும் இல்லை. விழா வழக்கமாகப் பிப்ரவரி மூன்றாம் வாரம். எதை முதலில் கையில் எடுப்பது, எதில் கவனமாக இருப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திரைச்சீலை:
46 பேரையும் ஒரே கூட்டமாக உட்கார வைக்காதீர்கள் மிஸ். அட்டவணையில் 40 நிமிடம் என்று இருந்தாலும் வகுப்பிலிருந்து வந்து, நாற்காலி ஒதுக்கி, வருகை எடுத்து முடிக்கப் பத்து நிமிடம் போய்விடும். மிச்சமிருக்கும் 30 நிமிடத்தில் 46 பேர் என்றால் முன்வரிசைப் பத்துப் பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். நடிப்பு ஓர் அணி, மேடைப் பணி ஓர் அணி என்று பிரித்துவிடுங்கள். ஓர் அணிக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம்.

இதில் ஒன்று முக்கியம். மேடைப் பணி அணியை முதலில் தேர்ந்தெடுங்கள், நடிப்புத் தேர்வு அதற்குப் பிறகு. வரிசை மாறினால், நடிக்கக் கிடைக்காதவர்களைத் தள்ளிவிடும் இடமாக அது ஆகிவிடும். அப்படி ஆன அணியிலிருந்து நல்ல மேடை மேலாளர் வரமாட்டாள். மேடை மேலாளர் 11ஆம் வகுப்புப் பெண்ணாக இருக்கட்டும். நாடகத்தன்று திரை எப்போது விலகும், விளக்கு எப்போது அணையும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். இயக்கும் ஆசிரியை உட்பட யாரும் அன்று அவளைத் தாண்டி உத்தரவு கொடுக்கக் கூடாது. இதை முதல் கூட்டத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

மன்றம் ஆண்டு முழுக்க உயிரோடு இருக்க, பருவத்துக்கு ஒரு முறையாவது பள்ளியின் கண்ணில் பட வேண்டும். முதல் பருவத்தில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிட வாசிப்பு நாடகம் போதும். இரண்டாம் பருவத்தில் பெரிய நாடகம். மூன்றாவதில் பிரியாவிடை. ‘பயிற்சி, பயிற்சி’ என்று மட்டும் ஓடினால் செப்டம்பருக்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

கூட்டம் நடத்தும் முறைக்கு உங்கள் பள்ளியிலேயே ஒரு நல்ல மாதிரி இருக்கலாம். 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கமான மரியாயின் சேனையில், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளையோர் பிரசீடியம், அதாவது வாரம் கூடும் சிறு குழு, உண்டு. அங்கே ஒவ்வோர் உறுப்பினரும் தனக்குக் கொடுத்த வேலையைச் செய்தாரா என்று எல்லோர் காதிலும் விழும்படி அறிக்கை சொல்ல வேண்டும். போன வாரம் ஒப்புக்கொண்டது என்ன, முடிந்தது என்ன என்று நாடக மன்றத்திலும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எந்த வேலை யாரிடம் தேங்கியிருக்கிறது என்பது மூன்றாவது வாரமே தெரிந்துவிடும்.

பாடகர்குழு:
மன்றப்பொறுப்பு மிஸ், நான் வழிபாட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். முதலில் நாள். பிப்ரவரி மூன்றாம் வாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் 2027-இல் பிப்ரவரி 10. உங்கள் மூன்றாம் வாரம் தவக்காலத்துக்குள் விழுந்துவிடும். 2028-இல் அது மார்ச் 1. அந்த ஆண்டு பிரச்சினை இல்லை.

தவக்காலத்தில் பிரியாவிடைத் திருப்பலி வைக்கக் கூடாது என்றில்லை. ஆனால் வழிபாட்டு ஒழுங்கு மாறும். வானவர் கீதம் (‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் புகழ்ப்பாட்டு) கிடையாது. அல்லேலூயா கிடையாது, நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி. பீடத்தில் மலர் அலங்காரம் கூடாது. இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும். பியானோவும் வயலினும் தனியாக வாசிக்க முடியாது. இந்த அலங்காரத் தடையிலும் இசைக்கருவித் தடையிலும் தவக்காலத்து 4ஆம் ஞாயிறுக்கும், பெருவிழாக்களுக்கும், விழாக்களுக்கும் விலக்கு உண்டு. மாணவிகள் ஒரு மாதமாக வயலினில் ஒரு துண்டு பழகி, முந்தின நாள் பங்குத்தந்தை வேண்டாம் என்று சொல்லி அழுகையில் முடிவது இந்தக் காரணத்தால்தான். அவர் கண்டிப்பானவர் என்பதால் இல்லை.

மார்ச் வரை தள்ளிப்போட முடிகிற பள்ளிகள் மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழாவைப் பார்க்கலாம். அன்று வானவர் கீதம் பாடலாம், மலர் வைக்கலாம். அல்லேலூயா மட்டும் அன்றும் இல்லை. 2027-இல் அது வெள்ளிக்கிழமை. பெருவிழா என்பதால் தவக்கால வெள்ளிக்குரிய புலால் தவிர்க்கும் கடமை அன்று இல்லை, விருந்து வைப்பவர்களுக்கு அது வசதி. 2028-இல் மார்ச் 19 தவக்கால ஞாயிறு என்பதால் பெருவிழா திங்கள், 20ஆம் தேதிக்கு நகரும்.

அடுத்து விசுவாசிகள் மன்றாட்டு. நான்கு மன்றாட்டும் அக்காமாரைப் பற்றியே எழுதிக்கொண்டு வருவார்கள். அதன் வரிசை திருச்சபை, நாட்டை ஆள்வோரும் உலகின் மீட்பும், துன்புறுவோர், அங்கே கூடியிருக்கும் சமூகம். விடைபெறும் மாணவிகளுக்கான மன்றாட்டு நான்காவது இடத்துக்கு உரியது. ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியம். நீளமான மன்றாட்டைப் படிக்கும்போது மூச்சு வாங்கி ‘உம்மை மன்றாடுகிறோம்’ என்கிற இடம் அமுங்கிவிடும். சபைக்கு எப்போது பதில் சொல்வது என்று தெரியாமல் போகும்.

பிரியாவிடைப் பாட்டை, அது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், நற்கருணை நேரத்தில் வைக்காதீர்கள். மண்டபத்தில் பாடட்டும். நன்றியுரைகளும் அங்கேதான்.

மன்றப்பொறுப்பு:
2027 பற்றி இன்றைக்கே பிரின்சிபால் சிஸ்டரிடம் பேசுகிறேன். மெழுகுவர்த்தி ஏற்றிக் கைமாற்றும் சடங்கு எங்களிடம் உண்டு. பாஸ்கா திரியிலிருந்து ஏற்றுவதுதான் வழக்கம் என்கிறார்கள். சரியா?

பாடகர்குழு:
பாஸ்கா திரி என்கிற அந்தப் பெரிய மெழுகுவர்த்தி உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து (ஈஸ்டர்) ஐம்பதாம் நாளான பெந்தகோஸ்தே வரை பீடத்தருகே இருக்கும். அதற்குப் பிறகு திருமுழுக்குத் தொட்டி அருகே போய்விடும்; திருமுழுக்குக்கும் அடக்கச் சடங்குக்கும் ஏற்றுவார்கள். பிப்ரவரியில் பிரியாவிடைக்காக அதை எடுத்து வருவது முறையல்ல. தனியாக ஒரு பெரிய மெழுகுவர்த்தி வையுங்கள். திருப்பலி முடிந்ததும் பீடத்து மெழுகுவர்த்தியிலிருந்து அதை ஏற்றி, மண்டபத்துக்குப் பவனியாகக் கொண்டுபோகலாம். பார்க்கவும் அழகாக இருக்கும், பொருளும் பொருந்தும்.

வகுப்பாசிரியை11:
மெழுகுவர்த்தி என்றதும் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்குச் சுடர் போக ஐந்து விநாடி. 140 பேரும் ஒரே சங்கிலி என்றால் 700 விநாடி, கிட்டத்தட்ட 12 நிமிடம். முதலில் ஏற்றியவள் கையில் மெழுகு வழிய ஆரம்பித்திருக்கும். பத்து வரிசை, வரிசைக்கு 14 பேர், பத்து ஹவுஸ் தலைவிகளோ வகுப்புத் தலைவிகளோ ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒன்றேகால் நிமிடத்தில் முடியும். ஒரு பாட்டின் முதல் சரணத்துக்குள் அடங்கும்.

எரியும் மெழுகுவர்த்தி நிமிர்ந்தே இருக்க வேண்டும்; எரியாததைத்தான் சாய்த்துப் பிடித்து ஏற்ற வேண்டும். இதை ஒத்திகையில் ஒவ்வொருத்தியையும் ஒரு முறை செய்ய வையுங்கள். வாயால் சொன்னால் போதாது, பழக்கத்தில் எல்லோரும் எரிவதைத்தான் சாய்ப்பார்கள். அப்போது உருகிய மெழுகு அப்படியே அடுத்தவள் விரலில் கொட்டும். அட்டை வட்டம் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கூந்தல் பின்னியோ கொண்டையாகவோ. முன்னால் தொங்கவிடக் கூடாது. வரிசைகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர். இரண்டு பக்கமும் தண்ணீர் வாளி, ஈரத் துணி, ஒரு பக்கம் தீயணைப்பான், அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆசிரியை.

திரைச்சீலை:
இதோடு மேடையில் நெருப்பு வேண்டவே வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை இயேசுவின் புனித தெரேசா பிரான்சின் லிசியே ஊர்க் கார்மேல் மடத்தில் சக சகோதரிகளுக்காக எட்டு நாடகங்கள் எழுதியவர். 1895 ஜனவரியில், உயிரோடு எரித்துக் கொல்லப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய நாடகத்தில் அவரே ஜோனாக நடித்தார். சிதைத் தீயைக் காட்ட வைத்த ஸ்பிரிட் அடுப்புகளிலிருந்து திரைத்தட்டியில் தீப்பற்றி, பெரிய விபத்தாகியிருக்கும். கன்னியர் மடத்தில், ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிறு கூட்டத்திலேயே அப்படி. பள்ளி மேடையில் சிதையைக் காட்ட ஆரஞ்சு விளக்கும், கீழிருந்து சின்ன மின்விசிறி ஊதும் மெல்லிய பட்டுத்துணியும் தாராளம்.

வயர்பெட்டி:
மண்டப ஒலி, ஒளி என் வேலை. நான்கு காலர் மைக், பாத்திரம் எத்தனை என்று நீங்கள் சொல்லவில்லை. பத்து பன்னிரண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

செய்யக்கூடாதது: பக்கத் திரைக்குப் பின்னால் மைக்கைக் கழற்றி அடுத்தவளுக்கு மாட்டுவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிமிடம் ஆகும். அவசரத்தில் ஸ்விட்ச் அணைந்திருக்கும், அல்லது அணையாமல் உள்ளே நடக்கும் பேச்சு மண்டபம் முழுக்கக் கேட்கும். அதிக வசனம் உள்ள நான்கு பேருக்குக் காலர் மைக், மற்றவர்களுக்கு மேடை விளிம்பில் தரையில் வைக்கும் பட்டை மைக் மூன்று. 9 மீட்டர் அகலத்துக்கு மூன்று போதும். இரண்டு மைக்குக்கு இடையேயான தூரம், பேசுபவளுக்கும் அவளுடைய மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரே குரல் இரண்டு மைக்கில் விழுந்து குழாய்க்குள் பேசுவது போல் கேட்கும். மேடையில் எல்லா மைக்கையும் ஒருசேரத் திறந்து வைத்திருந்தாலும் அதே கதிதான். பேசாதவளின் மைக்கை மூடுவதற்கென்றே ஒரு பெண் பிரதியைப் பார்த்தபடி மிக்சரில் உட்காரட்டும்.

காலர் மைக்கை மார்பெலும்புக்கு நேராக, தாடையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே குத்துங்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று: கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சுரூபமோ (புனிதர் உருவம் பதித்த பதக்கம்) சிலுவையோ மைக்கில் தட்டி ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். என்ன சத்தம் என்று யாருக்கும் புரியாது, ஸ்பீக்கரைச் சந்தேகப்படுவார்கள். கழற்ற மனமில்லாத பிள்ளைகள் சங்கிலியை முதுகுப் பக்கம் திருப்பி ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

பேட்டரி: உடைகளோடு கடைசி ஒத்திகை முடிந்ததும் பழசை எல்லாம் எடுத்துவிட்டு, நாடகத்தன்று புதுசு. ‘இன்னும் இரண்டு கோடு காட்டுகிறதே’ என்று விடாதீர்கள்.

‘ஊய்ங்’ என்று கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் இருப்பது. ஸ்பீக்கர் இரண்டும் மேடை விளிம்புக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஆள் இல்லாத மண்டபத்தில் எதிரொலி அதிகமாகத் தெரியும், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் கணிசமாகக் குறையும். ஒத்திகையில் எதிரொலிக்குப் பயந்து பிள்ளைகளை மெதுவாகப் பேசச் சொல்லிப் பழக்கினால் விழாவன்று பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது.

திரைச்சீலை:
வயர்பெட்டி அண்ணா சொன்னதோடு குரல் பயிற்சி பற்றி ஒன்று. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பிள்ளைகள் வாக்கியத்தை உரக்கத் தொடங்கி, மூச்சுத் தீர்ந்து, கடைசிச் சொல்லை விழுங்குவார்கள். ‘நான் அவளை அந்த வீட்டுக்கு’ வரை கேட்கும். அனுப்பினாளா, அனுப்பமாட்டாளா என்பது கேட்காது. கதையே அங்கேதான் இருக்கிறது. வாசிப்பு ஒத்திகையிலேயே ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கும் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ஒருத்தியை மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார வைத்து, கடைசிச் சொல் கேட்காதபோதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லுங்கள். மைக்கை விட இது அதிகம் உதவும்.

இப்போது நாடகத் தேர்வு. 35 நிமிடம் மேடையில் வேண்டுமென்றால், உட்கார்ந்து வாசிக்கும்போது 25 நிமிடத்தில் முடிகிற பிரதியாகப் பாருங்கள். நடமாட்டம், காட்சி மாற்றம், பார்வையாளர் சிரிப்பு, கைதட்டல் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை நிரப்பிவிடும். அச்சான நாடகம் என்றால் எழுதியவரிடமோ பதிப்பாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எழுதியவர் காலமாகிக் குறைந்தது 50 ஆண்டு வரை உரிமை உண்டு என்பது பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் ஒப்பந்தத்தின் அடிப்படை அளவு. பல நாடுகளில் அது 60, 70.

பிரின்சிபால் சிஸ்டரிடம் பிரதியைக் காட்டுவது நடிகர் தேர்வுக்கு முன்னால் நடக்க வேண்டும். வசனம் மனப்பாடமான பிறகு ஒரு காட்சியை மாற்றச் சொன்னால், பிள்ளைகள் பழைய வசனத்தையும் புதிய வசனத்தையும் கலந்து பேசுவார்கள். அந்தக் குழப்பம் கடைசி நாள் வரை தீராது.

எல்லோருக்கும் பங்கு வேண்டும், ஆனால் நல்ல பாத்திரம் ஐந்தாறுதான் என்பது பெண்கள் பள்ளியின் பழைய சிக்கல். அதற்குப் பழைய தீர்வும் உண்டு: பாடும், பேசும் குழு. 1689-இல் பிரான்சின் சேன்-சீர் பள்ளி மாணவிகளுக்கென்றே நாடகாசிரியர் ராசின் விவிலியத்து எஸ்தரின் கதையை நாடகமாக எழுதினார். ஆண் பாத்திரங்கள் உட்பட எல்லாம் பெண் பிள்ளைகளே. இஸ்ரயேல் பெண்களின் பாடற்குழுவாக மீதிப் பிள்ளைகள் மேடையிலேயே இருந்தார்கள். உங்கள் 46 பேரில் 12 பேர் பாத்திரம், 12 பேர் குழு, மீதி மேடைப் பணி என்று அழகாகப் பிரியும். குழு ஒரே குரலில் பேசும் பகுதி ஒரு தடவைக்கு நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. போனால் மூச்சு பிரிந்து இரைச்சலாகிவிடும்.

அதே சேன்-சீரில் நடந்த இன்னொன்றும் பொருத்தமானது. அரசவையே திரண்டு வந்து பார்த்துப் புகழ்ந்ததில் பிள்ளைகளுக்குத் தற்பெருமை ஏறுகிறதே என்று பள்ளியை நிறுவிய மதாம் தெ மென்த்தெனோன் கவலைப்பட்டார். 1691-இல் அடுத்த நாடகம் வேடமோ காட்சி அலங்காரமோ இல்லாமல் நடந்தது. நம் பள்ளிகளில் கதாநாயகி வேடத்துக்கு நடக்கும் மனத்தாங்கலைப் பார்க்கும்போது அந்தக் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது. நாடகத்தை நிறுத்துவது தீர்வாகாது. தேர்வுக்கு மூன்று பேர் குழு, எல்லோருக்கும் ஒரே ஒரு நிமிடப் பகுதி, நடிகர் பட்டியலும் மேடைப் பணிப் பட்டியலும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் அறிவிப்புப் பலகையில். பெரிய பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் மாற்று ஆள், அவளுக்கும் குறைந்தது ஒரு முழு ஒத்திகை.

ஒத்திகைக்கு எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். முதல் வாரம் வாசிப்பு மட்டும். அடுத்த இரண்டு வாரம் யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது. நான்காம் வாரக் கடைசி நாள் பிரதி கையில் இருக்கக் கூடாது. இந்த ஒரு தேதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐந்து, ஆறில் காட்சி காட்சியாகச் செதுக்குவது. ஏழில் நிறுத்தாமல் முழு ஓட்டம். எட்டாம் வாரம் ஒலி ஒளியோடு ஒன்று, உடைகளோடு இரண்டு. பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது, முதல் காட்சியை இருபது தடவை செய்து மெருகேற்றிவிட்டுக் கடைசிக் காட்சியை மூன்று தடவை பார்ப்பது. வாரத்தில் ஒரு நாள் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்.

ஊசிநூல்:
உடைக்கு நான் வருகிறேன். வானதூதர், கன்னியர், மணமகள் என்று நம் நாடகங்களில் வெள்ளை அதிகம். பளீர் வெள்ளை எல்இடி விளக்கில் ஒளிர்ந்து முகத்தை இருட்டாக்கும். புகைப்படத்தில் முகமே தெரியாது. பருத்தித் துணி என்றால் தேயிலைச் சாயம் போடுங்கள். இரண்டு லிட்டர் கொதிநீரில் நான்கு மேசைக்கரண்டி தேயிலைத்தூள், பத்து நிமிடம் ஊறியதும் நன்றாக வடிகட்டி, துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு உள்ளே போடுங்கள். 20 நிமிடம், இடையிடையே புரட்டி. உலர்ந்த துணியை அப்படியே போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தூள் ஒட்டினால் புள்ளி விழும். ஈரமாக இருக்கும்போது தெரிவதை விட உலர்ந்த பிறகு நிறம் வெளிறும், பயப்பட வேண்டாம். பாலியெஸ்டர் இந்தச் சாயத்தை ஏற்காது. அதற்கு மேலே மெல்லிய பழுப்பு வலைத்துணி போர்த்துவதுதான் வழி.

இறக்கை செய்யும்போது பக்கத் திரைக்கு இடையே உள்ள வழியை அளந்து பாருங்கள். தோளிலிருந்து இருபுறமும் சேர்த்து 60 சென்டிமீட்டருக்கு மேல் போனால் திரையில் மாட்டும். வார் 2.5 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக், முதுகில் குறுக்காகப் போக வேண்டும். நேராகப் போட்டால் இறக்கை பின்னால் சரியும்.

எல்லோருக்கும் உள்ளே கறுப்பு டீசர்ட், கறுப்பு லெக்கிங்ஸ் கட்டாயம். மேலுடையை யார் கண்ணெதிரேயும் மாற்றலாம். அவசர மாற்றம் உள்ள உடையில் ஜிப் வேண்டாம், வெல்க்ரோ தைத்துவிடுங்கள். ஜிப் பதற்றத்தில் துணியைக் கடிக்கும். ஆண் பாத்திரத்துக்கு ஒட்டு மீசை வேர்வையில் பாதி நாடகத்தில் எழுந்து நிற்கும். பழுப்புப் பென்சிலால் மெல்லிய கோடு போதும், அதுகூட இல்லாவிட்டாலும் நடையும் தோளும் காட்டிக்கொடுக்கும்.

உடை மாற்றும் அறையில் இரண்டு ஆசிரியைகள் எப்போதும். செல்போன் உள்ளே போகக் கூடாது. வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரரும் ஒலி ஒளி ஆட்களும் மேடைக்கு முன்பக்கத்தோடு சரி.

வயர்பெட்டி:
ஊசிநூல் அக்கா சொன்னது சரி. எங்கள் ஆட்களுக்கும் அதுதான் நல்லது. மேடைக்குப் பின்னால் வயர் இழுக்கும் வேலையை முந்தின நாளே முடித்துவிடச் சொல்லுங்கள்.

வகுப்பாசிரியை11:
மண்டப நிகழ்ச்சிக்கு வருகிறேன். கைகலப்பு வரும் இடம் அதுதான்.

பெயர் வாசித்து மேடைக்கு அழைப்பது: ஒருத்திக்கு எட்டு விநாடி என்றால் 140 பேருக்கு 19 நிமிடம். ஒவ்வொருத்தியைப் பற்றியும் இரண்டு வரி வாசித்தால் 25 விநாடி; மொத்தம் 58 நிமிடம். நாடகம் 35, பேச்சுகள் 20, படக்காட்சி 5, மெழுகுவர்த்தி 5 சேர்த்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அந்த இரண்டு வரிகளைக் கையால் எழுதிய அட்டையாகக் கொடுங்கள், மேடையில் பெயர் மட்டும். மாணவிகள் பேச்சு இரண்டு, தலா மூன்று நிமிடம். நான்கு தோழிகளுக்கு வாய்ப்புக் கொடுத்தால் நான்கும் ஒரே பேச்சாக இருக்கும்.

நகைச்சுவைப் பட்டங்கள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘தூங்குமூஞ்சி ராணி’, ‘குண்டுமணி’ என்று 11ஆம் வகுப்பு அன்போடுதான் எழுதும். உடல், நிறம், மதிப்பெண், காதல் இந்த நான்கையும் தொடாமல் 140 பட்டம் எழுத முடியாது. வாங்கியவள் மேடையில் சிரிப்பாள். அம்மா அப்பா முன்னால் வேறு என்ன செய்வாள்?

மேடைக்கோடி:
வகுப்பாசிரியை11 மிஸ், பட்டம் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் அந்த வேகத்தில் ஆசிரியைகளைப் போல நடித்துக்காட்டும் சிறு நாடகத்தையும் தூக்கிவிடுகிறார்கள், அது வருத்தம். பிள்ளைகள் ஆறேழு ஆண்டு உற்றுப் பார்த்த மனிதர்களுக்குச் செலுத்தும் மரியாதை அது. சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டு எழுதத் தொடங்கும் பழக்கம், வாசலில் நின்று மூன்று எண்ணும் பழக்கம், இதையெல்லாம் காட்டும்போது அதிகம் சிரிப்பது அந்த ஆசிரியைதான்.

வகுப்பாசிரியை11:
பழக்கத்தைக் காட்டினால் சரி. திக்குவாய், நடையில் உள்ள ஊனம், உச்சரிப்பு என்று போய்விடுவதுதான் பயம். விழாவன்று பிள்ளைகள் பிரதியில் இல்லாததைச் சேர்ப்பார்கள்.

மேடைக்கோடி:
அதற்கு வழி உண்டு. ஆசிரியை ஒருவருக்கு ஒரே ஒரு பழக்கம், 40 விநாடி. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குவது. மறுப்பவரை விட்டுவிடுவது, ஏன் என்று கேட்காமல். உடை, தலைமுடி, உடம்பு எதையும் போலச் செய்யக் கூடாது. கையில் ஒரு பொருள் மட்டும். சாக்பீஸ், குடை, சாவிக்கொத்து. பிரதியில் இல்லாத வரி வந்தால் மேடை மேலாளர் உடனே விளக்கை அணைப்பாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் சேர்க்கமாட்டார்கள்.

வகுப்பாசிரியை11:
ஒப்புதலும் ஒரே பொருளும் என்றால் எனக்கும் சம்மதமே. சிஸ்டர்களை மட்டும் துறவற உடையோடு காட்டக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: தலைக்கு இவ்வளவு என்ற வசூலுக்கு உச்சவரம்பை ஆசிரியைகள் முடிவு செய்ய வேண்டும், மாணவிகள் அல்ல. மூடிய உறையில் வகுப்பு வாரியாக வாங்குங்கள். கொடுத்தவர் பட்டியல் பலகைக்கு வரக் கூடாது. பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். விழாவுக்கு முந்தின மாலையில் தேவைப்படும். செலவுக்கு இரண்டு கையெழுத்து.

வயர்பெட்டி:
படக்காட்சிக்கு: ஐந்து நிமிடம், படத்துக்கு நான்கு விநாடி என்றால் 75 படம். 140 பேர். தனிப்படம் போட்டால் பாதிப் பேர் விடுபடுவார்கள். குழுப்படமாகத் தேர்ந்தெடுத்து, பெயர்ப் பட்டியலில் யார் எத்தனை படத்தில் வருகிறார்கள் என்று குறியுங்கள். எல்லோரும் இரண்டிலாவது இருக்க வேண்டும். எப்போதும் கேமராவைப் பிடித்திருந்த பெண் எதிலும் இருக்கமாட்டாள், அவளைக் குறிப்பாகத் தேடுங்கள்.

இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். ஒரே வீடியோ கோப்பாக்கி லேப்டாப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி. மண்டபப் புரோஜெக்டரில் அதே வயர், அதே லேப்டாப்போடு முந்தின நாள் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். படம் வரும், ஒலி லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரிலேயே வரும். இதுதான் நூற்றில் தொண்ணூறு விழாவில் நடப்பது. ஒலிக்குத் தனி வயர் மிக்சருக்குப் போக வேண்டும். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், யாருடைய செய்தியும் திரையில் குதிக்கக் கூடாது. படம் ஓடும்போது மேடையின் முன்விளக்கு எரிந்தால் திரை வெளுத்துவிடும், மேடை மேலாளரின் குறிப்பில் இதை எழுதிவையுங்கள்.

மன்றப்பொறுப்பு:
நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி மட்டும். மன்றப் பொறுப்பை அடுத்த ஆண்டு மாணவிகளுக்கு எப்போது ஒப்படைப்பது? பிரியாவிடை மேடையிலேயே பேட்ஜ் மாற்றுவது இங்கே வழக்கம். 140 பெயரை யார் வாசிப்பது?

திரைச்சீலை:
பேட்ஜ் மேடையில் மாறட்டும். வேலை அதற்கு ஒரு மாதம் முன்பே மாறியிருக்க வேண்டும். பிரியாவிடைக்குப் பிறகு 12ஆம் வகுப்பு தேர்வுக்குள் போய்விடும். எதையும் கேட்டு வாங்க முடியாது. கோப்பில் இவை இருக்கட்டும்: நகர்வுக் குறிப்போடு கூடிய மேடை மேலாளரின் பிரதி, ஒலி ஒளிக் குறிப்புத் தாள், உடைகளின் பட்டியல் அளவோடு, அறைச் சாவி யாரிடம், அனுமதிக் கடிதங்கள், வரவு செலவு, மேடையின் அளவு போட்ட வரைபடம். கடைசியில் ஒரே ஒரு பக்கம், ‘அடுத்த முறை மாற்ற வேண்டியவை’. அதை நாடகம் முடிந்த இரண்டு நாளுக்குள் எழுத வாங்கிவிடுங்கள், ஒரு வாரம் போனால் எல்லாம் நன்றாக நடந்தது என்றுதான் எழுதுவார்கள்.

வகுப்பாசிரியை11:
பெயர் வாசிக்க இரண்டு பேர், 70, 70 ஆக, வகுப்புப் பிரிவு வரிசையில். வருகைப் பதிவேட்டில் உள்ள எழுத்தை நம்பி வாசிக்காதீர்கள். ஜெசிந்தாவா ஜசிந்தாவா, மரியா முன்னால் வருமா பின்னால் வருமா என்று ஒவ்வொருத்தியையும் அவள் வாயால் ஒரு முறை சொல்லச் சொல்லி, கேட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 20 பெயர், 16 பாயின்ட் அளவு எழுத்து, தாளின் ஒரு பக்கம் மட்டும். அன்று வராதவர்களின் பெயரை விட்டுவிடக் கூடாது. அதையும் வாசித்து, அவளுடைய அட்டையை வாங்கிக்கொள்ள ஒரு தோழியை முன்பே நியமித்துவிடுங்கள்.